பெண் வீட்டார் பார்த்த கருப்புப் புள்ளி

அன்புள்ள சீனு,

அடுத்த வாரம் இந்நேரம் நீ மாலையும் கழுத்துமாக மண்டபத்தில் நின்றுகொண்டிருப்பாய். சுற்றிலும் சொந்தக்காரர்கள், போட்டோக்காரர், நாதஸ்வரம். அந்தக் கூட்டத்தில் உன்னோடு நிதானமாக ஒரு வார்த்தை பேச எனக்கு வாய்க்காது என்று இப்போதே தெரிகிறது. முந்தாநாள் போனில் நீ கேட்டாய்: "அம்மா, பொண்ணு வீட்டுக்காரங்க நம்ம வீடு பாக்க வந்த அன்னைக்கு உன் லேப்ல என்னதான் நடந்துச்சு? அப்பா ஒண்ணு சொல்றாரு, கயல் ஒண்ணு சொல்றா. நீயும் அவளும் எதுக்கோ விழுந்து விழுந்து சிரிச்சீங்களாம். எதுக்குன்னு கேட்டா சொல்லவே மாட்டேங்கிறா." அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்ததால் பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். உன் அப்பா சொல்வதில் பாதி பட்டிமன்றப் பேச்சு. கயல் சொல்லாமல் விட்டதில் பாதி கல்யாணப் பெண்ணின் கூச்சம். நடந்ததை நடந்தபடி நான் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். கல்யாண வேலையை அப்பாவிடம் விட்டுவிட்டு உட்கார்ந்து படி.

என் வேலை என்னவென்று முதலில் சொல்ல வேண்டும். உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். ஐந்தாம் வகுப்பில் 'என் அம்மா' என்று கட்டுரை எழுதச் சொன்னபோது, "என் அம்மா வெளிச்சத்தை அணைத்துவிட்டு அது திரும்ப வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்" என்று எழுதினாய். பெற்றோர் கூட்டத்தில் உன் டீச்சர் என்னை ஓரமாக அழைத்து, "நீங்க ஈபி ஆபீஸ்லதானங்க இருக்கீங்க? எங்க தெருவுல தினமும் கரண்ட் போகுது, கொஞ்சம் சொல்லி வைங்க" என்றார். விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் பின்னால் நிற்பவர்கள் திட்டுவார்கள் என்று, சரிங்க டீச்சர் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் நீ எழுதியதில் தவறே இல்லை. உயிருள்ள ஒரு செல்லுக்குள் இருக்கும் புரதத்தோடு, ஜெல்லிமீனிடமிருந்து கிடைத்த ஒளிரும் புரதம் ஒன்றை ஒட்டவைத்துவிட்டால், அது எங்கே போனாலும் பச்சையாக மின்னும். ஆனால் எங்கும் பச்சையாகவே தெரியும்போது, உள்ளே இருப்பவை ஓடுகின்றனவா நிற்கின்றனவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? லேசர் ஒளியைக் கூட்டி ஒரு சின்னப் புள்ளியில் மட்டும் அந்தப் பச்சையைச் சுட்டு அணைப்போம். சுடப்பட்டவை இருந்த இடத்திலேயே இருக்கலாம், வேறு எங்காவது போகலாம், மறுபடி ஒளிர்வதில்லை. பிறகு லேசரைக் குறைத்துவிட்டுக் காத்திருப்போம். சுற்றியிருக்கும் பச்சை மூலக்கூறுகள் நடமாடுபவையாக இருந்தால் கருப்புப் புள்ளிக்குள் ஒவ்வொன்றாக வந்து சேரும், புள்ளி மெல்ல நிரம்பும். சீக்கிரம் நிரம்பினால் வேகமாக ஓடுகின்றன. நிரம்பாமலே கிடந்தால் எதையோ பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கின்றன. இதைத்தான் உன் சின்ன வயதிலிருந்து செய்துகொண்டிருக்கிறேன்.

கல்லூரியில் என் ஆராய்ச்சி மாணவி நிஷாவை உனக்குத் தெரியும். திருச்சி பாலக்கரைப் பெண், ஒருமுறை ரம்ஜானுக்குப் பிரியாணி கொண்டுவந்து உன் டயட்டைக் கெடுத்தவள். அவள் ஆராய்ந்தது செல்லின் கருவுக்குள் இருக்கும் ஒரு புரதம். தூண் மாதிரி ஒரே இடத்தில் ஊன்றி நிற்கும் என்று எல்லோரும் நினைத்திருந்த புரதம் அது. நிஷா புள்ளி வைத்துப் பார்த்தாள், புள்ளி நிரம்பியது. தூண் நிற்கவே இல்லை, வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. வருடக்கணக்கில் அதையே திரும்பத் திரும்பப் பார்த்து, அளந்து, கட்டுரையாக எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பினோம். அங்கே அதைப் படித்துப் பார்த்த நடுவர் ஒரு கேள்வி கேட்டார். மூலக்கூறுகள் நகர்ந்து வந்ததால்தான் புள்ளி நிரம்பியது என்று எப்படிச் சொல்கிறீர்கள், அணைந்தவையே தாமாக மறுபடி ஒளிர்ந்திருக்கலாம் இல்லையா? செல்லைப் பார்மலினில் போட்டு, உள்ளே எதுவும் அசையாதபடி சாகடித்துவிட்டு அதே புள்ளியை வைத்துக் காட்டுங்கள் என்றார். நியாயமான கேள்வி. செத்த செல்லில் எதுவும் நகராது, புள்ளி கருப்பாகவே கிடக்க வேண்டும். கிடந்தால் நிஷா சொன்னது சரி. நிரம்பினால் அவளுடைய இத்தனை வருட வேலையும் வீண்.

இதைச் சனிக்கிழமை முடித்துவிடுவதாகத்தான் ஏற்பாடு. அன்று பார்த்து நுண்ணோக்கி அறையின் ஏசி நின்றுபோனது. அறை சூடானால் நுண்ணோக்கியில் குவியம் தள்ளிப்போகும், படம் எடுக்க முடியாது. மெக்கானிக் வந்து சரிசெய்து முடித்தபோது சாயங்காலம். திங்கட்கிழமை காலையில் நுண்ணோக்கியைக் கழற்றிப் புதுக் கட்டடத்துக்குக் கொண்டுபோகிறார்கள். அதை மறுபடி பூட்டி ஓடவைக்க மாதக்கணக்கில் ஆகும், பத்திரிகை அதுவரை காத்திருக்காது. மிச்சம் இருந்தது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் வையம்பட்டியிலிருந்து கயல் வீட்டார் நம் வீடு பார்க்க வருவதாக இருந்தார்கள். நிஷா தனியாகவே செய்துவிடுவாள், எத்தனையோ முறை செய்திருக்கிறாள் என்று நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, கேசரிக்கு ரவை வறுத்துக்கொண்டிருந்தேன். அப்போது போன் வந்தது.

"மேம், புள்ளி நிரம்புது" என்றாள். அவள் குரல் அவள் குரலாகவே இல்லை.

"எதுல நிஷா? உயிரோட இருக்கிறதுலயா?"

"இல்ல மேம். செத்ததுல."

கரண்டியை உன் அப்பா கையில் கொடுத்துவிட்டு, ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லி, ஸ்ரீரங்கத்திலிருந்து கல்லூரிக்கு ஆட்டோ பிடித்தேன். காவிரிப் பாலத்தில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. அந்த நேரம் பார்த்து நீ பெங்களூரிலிருந்து கூப்பிட்டாய். நீ கட்டும் கட்டடத்தில் அன்று கூரைக் கான்கிரீட் போடும் நாள். பின்னால் மிக்சர் மெஷின் சத்தம். "அம்மா, இன்னைக்கு ஒருநாளாவது வீட்ல இருக்கக் கூடாதா?" என்றாய். "கான்கிரீட்ட பாதியில நிறுத்திட்டு நீ வர்றியா?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டேன். கோபத்தில் சொன்னதுதான். ஆனால் நீ அதற்குப் பதில் அனுப்பினாய் பார், "நிறுத்த முடியாதும்மா, விரிசல் விட்டுரும்" என்று. அதைப் படித்ததும் எனக்குக் கோபம் போய்விட்டது. இவன் என் பிள்ளைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

நுண்ணோக்கி அறை எப்போதும் இருட்டாகவும் குளிராகவும் இருக்கும். நிஷா திரையின் முன்னால் முழங்கையை ஊன்றி உட்கார்ந்திருந்தாள். கன்னம் நனைந்திருந்தது. எனக்கு முன்னால் இன்னொரு முறை செய்து காட்டினாள். பச்சையாக ஒரு செல், நடுவில் சுட்ட கருப்புப் புள்ளி. நாங்கள் பார்க்கப் பார்க்க அதன் ஓரங்கள் கரைந்தன, பச்சை உள்ளே ஏறியது. எத்தனையோ வருடமாக அந்தக் காட்சியைப் பார்த்து மகிழ்ந்தவள் நான். அன்றைக்கு மட்டும் அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. "அப்ப நான் பாத்தது எல்லாம் பொய்யா மேம்?" என்றாள் நிஷா. அப்படியெல்லாம் இருக்காது என்று ஆறுதல் சொல்ல வாய் வந்தது. ஆனால் இருக்கலாம் என்றும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே ஆறுதல் சொன்னால் அந்தப் பெண் என்னை அப்புறம் எதற்காக நம்ப வேண்டும்? "தெரியல. யோசிப்போம்" என்று சொல்லிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

வீட்டில் நடந்ததை உன் அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். வேன் வாசலில் வந்து நின்றிருக்கிறது. கயல், அவள் அப்பா, அவள் பெரியம்மா மூன்று பேர் இறங்கியிருக்கிறார்கள், ஒரு கட்டு முருங்கைக்காயுடன். கயலின் அம்மா வரவில்லை. உன் அப்பா கேசரிக் கரண்டியோடு கதவைத் திறந்து, உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, நான் ஏன் இல்லை என்று சுற்றிவளைத்து ஏதோ சொல்லியிருக்கிறார். பெரியம்மா கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "பொண்ணு என்னடான்னா ரயில் ஓட்டப் போறேங்குது. மாமியாக்காரி என்னடான்னா ஞாயித்துக்கிழமையும் வேலைக்குப் போயிடுறாங்க. இந்த வீட்ல அடுப்பு யாரு பத்த வெப்பாங்க?" என்று கேட்டிருக்கிறார். கயல் ரயில் எஞ்சினில் உதவி லோகோ பைலட்டாக இருப்பதில் அந்த அம்மாளுக்கு ஏற்கெனவே வருத்தம். பெண் பார்க்கப் போன அன்றே என்னிடம் சொன்னவர்தான். உன் அப்பா கரண்டியைக் காட்டி, "நான்தாங்க" என்றாராம். பெரியம்மா சிரிக்கவில்லை. எழுந்துவிடுவார் போல இருந்ததாம். அப்போது கயலின் அப்பா, "ஏங்க அண்ணி, நம்ம வீட்லயும்தான அவ வரல. மாடு கன்னு போடப் போகுது, விட்டுட்டு வரமாட்டேன்னுட்டா. அது மாதிரி இவங்களுக்கும் எதுவோ கன்னு போடுதுன்னு வெச்சுக்குங்களேன்" என்றிருக்கிறார். கயல், "பெரியம்மா, வீட்டப் பாத்தாச்சு. வாங்க, அத்தையப் போய்ப் பாத்துட்டு வருவோம்" என்று எழுந்திருக்கிறாள். வந்த வழியே பாலத்தைத் தாண்டி எல்லோரும் திருச்சிக்குத் திரும்பியிருக்கிறார்கள். உன் அப்பா கேசரியைத் தூக்குச்சட்டியில் அடைத்துக்கொண்டு வேனில் ஏறியிருக்கிறார்.

அறைக் கதவு தட்டப்பட்டபோது காவலாளி என்று நினைத்தேன். திறந்தால் வெள்ளை வேட்டி, முருங்கைக்காய்க் கட்டு, பின்னால் உன் அப்பா கெஞ்சும் முகத்தோடு. சம்பந்தி வீட்டாரை எப்படி வரவேற்பது என்று யோசித்து வைத்திருந்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "மன்னிச்சிருங்க. வாங்க. செருப்பு அங்கயே விட்டுருங்க, தூசி ஆகாது. சாப்பாட்டுச் சாமான் உள்ள வரக் கூடாது" என்றுதான் வந்தது. கேசரியும் முருங்கைக்காயும் வராந்தாவிலேயே நின்றன. நால்வரும் உள்ளே வந்து சுவரோரம் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். பெரியம்மா முந்தானையால் தோளைப் போர்த்திக்கொண்டு, "சினிமாக் கொட்டாய் மாதிரி இருக்கு" என்றார்.

என்ன செய்கிறோம் என்று கயலின் அப்பா கேட்டார். எனக்குப் பதில் சொல்லும் மனநிலை இல்லை. நிஷா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் சொல்றேன் அங்கிள்" என்று எழுந்தாள். "மலைக்கோட்டை உச்சியில நின்னு பெரிய கடைவீதியப் பாக்குறீங்கன்னு வைங்க. தீபாவளி நேரம். எப்பப் பாத்தாலும் ஜனமா இருக்கும். நிக்கிறவங்களே நிக்கிறாங்களா, ஆளு மாறிக்கிட்டே இருக்கா, அங்கருந்து பாத்தா தெரியுமா? அதத் தெரிஞ்சுக்கத்தான் நடுவுல ஒரு இடத்த மட்டும் காலி பண்ணிட்டுப் பாக்குறோம். ஜனம் நடந்துக்கிட்டே இருந்தா அந்த இடம் உடனே ரொம்பிரும்." அவள் ஆராய்ச்சியை அவள் தமிழில் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை. அழகாகச் சொன்னாள். சொல்லிக்கொண்டே வந்து, செத்த செல்லில் புள்ளி நிரம்பிய கதைக்கு வந்ததும் திரையைத் திரும்பிப் பார்த்தாள். "கடைவீதியில ஒருத்தர் கூட அசையாம நின்னா காலி பண்ண இடம் காலியாவே இருக்கணும் இல்லையா அங்கிள்? ஆனா ரொம்புது" என்றாள்.

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஒன்று தோன்றிவிட்டது. "நிஷா, புள்ளி வேணாம். ஒரு செல்ல முழுசா அணைச்சுரு" என்றேன். அணைந்தவை தாமாகவே மறுபடி ஒளிர்கின்றன என்றால், முழுச் செல்லை அணைத்தாலும் வெளிச்சம் திரும்ப வர வேண்டும். எங்கிருந்தோ நகர்ந்து வருகின்றன என்றால், நகர்ந்து வர எதுவும் மிச்சமில்லாதபோது வெளிச்சம் வரக் கூடாது. நிஷாவுக்கு நான் முடிக்கும் முன்பே புரிந்துவிட்டது. ஒரு செல்லைச் சுற்றிக் கட்டம் போட்டாள், சுட்டாள். திரையில் அந்தச் செல் இருந்த இடம் கருத்தது. காத்திருந்தோம். பக்கத்துச் செல்கள் எல்லாம் பச்சையாக இருக்க, அது மட்டும் கருப்பாகவே கிடந்தது. இன்னும் கொஞ்சம் காத்திருந்தோம். வரவே இல்லை.

"தானா திரும்பல மேம்" என்றாள் நிஷா மெதுவாக. "அப்ப புள்ளிக்குள்ள வந்தது நகர்ந்துதான் வந்திருக்கு. ஆனா செத்ததுல எப்படி நகரும்?"

"செத்திருந்தாத்தான நகராம இருக்கும்" என்றேன்.

அவள் ஓடிப்போய் அலமாரியிலிருந்து பார்மலின் புட்டியை எடுத்துவந்து வெளிச்சத்தில் பிடித்தாள். அடியில் வெள்ளையாக வண்டல் தங்கியிருந்தது. பழைய கரைசல். அந்த மருந்தைக் கரைத்து வைத்து நாளானால் வீரியம் போய்விடும். சனிக்கிழமை ஏசி கலவரத்தில், புதிதாகக் கரைக்காமல், இருந்ததை எடுத்து ஊற்றியிருக்கிறாள். செல்கள் அதில் குளித்துவிட்டுச் சௌகரியமாக உயிரோடு இருந்திருக்கின்றன. பெரியம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "செத்துச்சா இல்லையான்னு கூடப் பாக்காமயா இம்புட்டு அழுத?" என்று நிஷாவைக் கேட்டார். நிஷா அழுதுகொண்டே சிரித்தாள். அதை நானும் மனதில் குறித்துக்கொண்டேன், சீனு. நீயும் குறித்துக்கொள். அழுவதற்கு முன் அது செத்துவிட்டதுதானா என்று பார்த்துக்கொள்வது நல்லது. உன் அப்பா இதைக் கேட்டதும் தொண்டையைச் செருமி, "வாழ்க்கையும் இப்படித்தாங்க, நாம முடிஞ்சு போச்சுன்னு நினைக்கிற ஒவ்வொண்ணும்..." என்று ஆரம்பித்தார். "என்னங்க, இது லேப்" என்றேன். நிறுத்திக்கொண்டார். அவர் நிறுத்திய அந்தப் பேச்சைத்தான் உனக்கு முழுசாகச் சொல்லியிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

நடுவர் கேட்டது செத்த செல். அதைக் காட்டித்தான் ஆக வேண்டும். புதிதாகப் பார்மலின் கரைக்க வேண்டும் என்றால் வெந்நீரில் பொடியைப் போட்டுப் பொறுமையாகக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும், அவசரப்படுத்த முடியாது. நிஷாவை வேறு செல்களைத் தயார் செய்யச் சொல்லிவிட்டு, பட்டுப்புடவைமேல் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு நானே போனேன். கை வேலை செய்து வருடங்கள் ஆகியிருந்தன. புகையை உறிஞ்சும் கண்ணாடிக் கூண்டுக்குள் கையை விட்டுக் கிளற ஆரம்பித்தபோது பின்னால் கயல் வந்து நின்றாள். "நான் தள்ளி நின்னு பாக்கலாமா அத்தை?" என்றாள். அவளுக்கும் ஒரு கோட்டைக் கொடுத்தேன். நான் கிளறுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எஞ்சினில் உட்கார்ந்து பழகியவள் இல்லையா, சும்மா நிற்கத் தெரிந்தது.

பிறகு கேட்டாள். நீ தெரிந்துகொள்ள ஆசைப்பட்டது இதுதான். சொல்லலாமா என்று அவளிடம் நேற்றுக் கேட்டுக்கொண்டேன், சொல்லுங்க என்றாள். "அத்தை, கல்யாணத்துக்கு அப்புறம் ஒருநாள் உங்க பையன் இந்த வேலைய விட்டுருன்னு சொன்னா, நீங்க என்ன சொல்வீங்க?"

அவன் அப்படிச் சொல்லவே மாட்டான் என்று சொல்லியிருக்கலாம். ஒரு தாய் சொல்ல வேண்டிய வாக்கியம் அதுதான். ஆனால் அப்போதுதான் ஒரு பழைய மருந்தை நம்பி ஒரு காலைப்பொழுது போயிருந்தது. "தெரியலம்மா" என்றேன். "இப்ப சொல்ல மாட்டான். ஒரு கஷ்டம் வந்தா, குழந்தை குட்டின்னு ஆனா, சொன்னாலும் சொல்வான். இவன் அப்பா சொன்னாரே." அவளுக்கு நான் ஐதராபாத் கதையைச் சொன்னேன். உனக்கு மூன்று வயது. இந்த லேசர் வேலையைக் கற்றுக்கொள்ள எனக்கு ஐதராபாத்தில் இரண்டு வருடம் இடம் கிடைத்தது. குழந்தையை வைத்துக்கொண்டு அதெல்லாம் எப்படி, வேண்டாம் என்றார் உன் அப்பா. இரண்டு பேரும் ஒரு வாரம் சண்டை போட்டோம். அமைதியான சண்டையெல்லாம் இல்லை, பக்கத்து வீட்டில் டிவியை நிறுத்திவிட்டுக் கேட்கிற சண்டை. எட்டாம் நாள் காலை அவர் ஆபீசில் மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். "போறது போறோம், அங்க கோங்குரா ஊறுகாய் நல்லா இருக்குமாம்" என்றார். அந்த இரண்டு வருடத்தில் நான் புள்ளி வைக்கக் கற்றுக்கொண்டேன், அவர் சமைக்கக் கற்றுக்கொண்டார்.

"அதனால, அவன் அப்படிச் சொன்னா என்கிட்ட வந்து சொல்லாத. நான் நடுவுல வர மாட்டேன். அவன்கிட்டயே சண்டை போடு" என்றேன். "நல்லா சத்தமாப் போடு. அழுதேன்னா பயந்துபோய் ஏதாவது வாங்கிக் கொடுத்துச் சமாதானம் பண்ணுவான், விஷயம் அப்படியே நிக்கும். சண்டை போட்டா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு மொட்டை மாடிக்குப் போவான். போகட்டும். பசிச்சா இறங்கி வருவான். வரும்போது புத்தியோட வருவான்."

"பசிக்க எவ்ளோ நேரம் ஆகும் அத்தை?" என்று கேட்டாள் கயல், ரயில் எப்போது வரும் என்று கேட்கிற மாதிரி அவ்வளவு தீவிரமாக. "பிரேக் போட்டு நிறுத்துற தூரம் எனக்குத் தெரிஞ்சிருக்கணும்ல." அதற்குத்தான் சிரித்தோம். கூண்டுக்குள் இருந்த கையை எடுக்க முடியாமல், கண்ணீர் வர, கோட்டுத் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தேன். அந்தச் சத்தம் வராந்தா வரைக்கும் கேட்டிருக்கிறது. உன்னைப் பற்றித்தான் சிரித்தோம், மறைப்பானேன்.

நல்ல மருந்தில், நல்லபடியாகச் செத்த செல்களை நிஷா கொண்டுவந்து வைத்தாள். மறுபடி எல்லோரும் இருட்டில் கூடினோம். சுட்டாள். கருப்புப் புள்ளி விழுந்தது. ஏசி ஓடும் சத்தம் மட்டும். கயலின் அப்பா கைகட்டிக்கொண்டு திரையையே பார்த்தார், வாய்க்காலில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கிற மாதிரி. ரொம்ப நேரம் கழித்துத் தயங்கித் தயங்கி, "ஒண்ணும் நடக்கலீங்களே" என்றார்.

"ஆமாங்க. அதான் நல்ல சேதி" என்றேன்.

"ஒண்ணும் நடக்காததுக்கா இம்புட்டுப் பாடு?" என்றார். நிஷா திரும்பி என் கையைப் பிடித்துக்கொண்டாள். குளிரில் விரல்கள் விறைத்திருந்தன. இன்னொரு செல், இன்னொரு புள்ளி. ஒன்றும் நடக்கவில்லை. இன்னொன்று. ஒன்றும் நடக்கவில்லை. ஒவ்வொரு முறையும் உன் அப்பா, "நடக்கல, நடக்கல" என்று கிரிக்கெட் வர்ணனை மாதிரி சொல்ல ஆரம்பித்துவிட்டார். கடைசிப் படத்தைப் பதிந்துவிட்டு நிஷா விளக்கைப் போட்டபோது, எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஏதோ பெரிய காரியத்தைச் சேர்ந்து முடித்தவர்கள் மாதிரி ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம்.

கல்லூரி வேப்பமரத்தடியில் கேசரி சாப்பிட்டோம். ரவை கொஞ்சம் கட்டி தட்டியிருந்தது. அது என் தவறா உன் அப்பாவின் தவறா என்பது இன்னும் தீரவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வையம்பட்டியிலிருந்து போன் வந்தது, பசு கிடாரிக்கன்று போட்டிருக்கிறது என்று. கயலின் அப்பா எழுந்து நின்றே பேசினார். பெரியம்மா மட்டும் இன்னும் சம்மதம் சொல்லவில்லை. இலைக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "நான் ஒண்ணு கேக்குறேன், தப்பா நினைக்காதீங்க. நாங்க வர்றோம்னு தெரிஞ்சே நீங்க வீட்ல இல்ல."

"ஆமாங்க. தப்புதான்" என்றேன்.

"தப்புன்னு சொல்ல வரல. நான் வேன்ல வரும்போதே யோசிச்சேன். சொந்த மகனுக்குப் பொண்ணு வீட்டுக்காரங்க வர்ற அன்னைக்கே வேலை இருக்குன்னு போற பொம்பளை, நாளைக்கு எங்க பொண்ணு தீபாவளியன்னைக்கு டூட்டிக்குப் போனா ஏன் போறேன்னு கேக்க மாட்டா." கயலின் அப்பா பக்கம் திரும்பினார். "இந்த வீடே இருக்கட்டும். இன்னொரு வீடு பாக்க எனக்கு இடுப்புல தெம்பு இல்ல." சீனு, உன் கல்யாணம் நிச்சயமானது அந்த நிமிடத்தில்தான். நீ அப்போது பெங்களூரில் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தாய்.

நிஷாவின் கட்டுரையைப் பத்திரிகை ஏற்றுக்கொண்டுவிட்டது. போன வாரம்தான் தெரியவந்தது. உன் கல்யாணத்துக்கு அவள் குடும்பத்தோடு வருகிறாள். பெரியம்மா அவளைத் தன் பக்கத்தில் உட்காரவைக்க வேண்டும் என்று இப்போதே சொல்லி அனுப்பியிருக்கிறார். நான் இந்த வருடக் கடைசியில் ஓய்வு பெறுகிறேன். அதன்பிறகு என்ன செய்வேன் என்று நீ கேட்டுக்கொண்டே இருக்கிறாய். தெரியவில்லை. உன் அப்பா எனக்குச் சமைக்கக் கற்றுத்தருவதாகப் பயமுறுத்துகிறார்.

உனக்கு அறிவுரை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அவள் டூட்டியில் இருக்கும்போது போன் எடுக்க மாட்டாள், அதற்காக மறுபடி மறுபடி அடிக்காதே. களைத்து வந்தால் தூங்கவிடு. என்ன ஆச்சு என்று எழுப்பிக் கேட்காதே. உனக்குத் தெரியாததைத் தெரியாது என்று அவளிடம் சொல். தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளும் ஆட்களை அவள் சிக்னலைத் தாண்டி வந்த வண்டியைப் பார்ப்பது போலப் பார்க்கிறாள், நான் கவனித்திருக்கிறேன்.

இன்று காலை ஒரு காரியம் செய்தேன். உன் அப்பாவிடம் கூடச் சொல்லவில்லை. நேற்று கயல் பேச்சுவாக்கில், "நாளைக்குக் காலையில சரக்கு வண்டி அத்தை, ஸ்ரீரங்கம் வழியாத்தான் போவோம், ஆனா நிக்காது" என்றாள். குடையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். வண்டி தாமதம். பிளாட்பாரத்தில் டீ விற்பவரிடம் ஒரு டீ வாங்கிக் குடித்துக்கொண்டு நின்றேன். ஸ்டேஷன்காரர் பச்சைக் கொடியோடு வெளியே வந்து நின்றார். தண்டவாளம் அதிர ஆரம்பித்தது. எஞ்சின் நெருங்க நெருங்க ஜன்னலில் அவள் தெரிந்தாள். தலைமுடியை இறுக்கிக் கட்டி, கையை வெளியே நீட்டிப் பச்சைக் கொடி பிடித்திருந்தாள். என் குடையை உயர்த்திச் சின்னப் பிள்ளை மாதிரி ஆட்டினேன். அவள் கண் என்மேல் பட்டது; பட்டது எனக்குத் தெரியும். முகத்தில் ஒரு சிரிப்புகூட இல்லை. ஸ்டேஷன்காரரின் கொடியைப் பார்த்தாள், பின்னால் வளைந்து வரும் பெட்டிகளைத் திரும்பிப் பார்த்தாள், போய்விட்டாள். நிலக்கரிப் பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கடந்து முடியும்வரை குடையை இறக்காமல் நின்றேன்.

"அந்தப் பொண்ணு உங்களப் பாக்கவே இல்லையேம்மா" என்றார் டீக்காரர், பரிதாபமாக.

"பாத்துச்சுங்க. வேலையில இருக்கு" என்றேன். அப்புறம் அவர் கேட்காமலே, "எங்க மருமக" என்றேன்.

உன்
அம்மா